கம்பல்சரிலி வருவேன்!

வேலைக்குச் சேர்ந்த புதுசு. லண்டன்ல இருந்த க்ளையன்ட், மறுநாள் மீட்டிங்குக்கு வர முடியுமான்னு கேட்டு மெயில் போட்டிருந்தார். நானும் பொறுப்பா, "ஐ வில் கம்பல்சரிலி அட்டெண்ட்"னு பதில் தட்டிவிட்டேன். அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு. "உங்களை யாரும் வற்புறுத்தலையே? சிரமம்னா நேரத்தை மாத்திக்கலாம்."

டீம் லீட் விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கு எதுக்குன்னே புரியலை.

விஷயம் இதுதான். நான் மனசுக்குள்ள நினைச்சது "கண்டிப்பா வர்றேன்". அதுக்கு அங்கே 'டெஃபனட்லி' போட்டிருக்கணும். 'கம்பல்சரிலி'ன்னா நம்ம விருப்பத்துல செய்யறது இல்லை, சட்டமோ விதியோ பிடிச்சுத் தள்ளி நடக்கறது. அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கறதுக்கு இங்கிலாந்துல 'கம்பல்சரி பர்ச்சேஸ்'னுதான் பேரு. நம்ம ஊர்ல கட்டாய ஓய்வுல அனுப்பறதும் இதே வார்த்தைதான். லத்தீன் மூலத்துக்கு அர்த்தம், ஆடு மாடுகளை ஒண்ணா ஓட்டிச் சேர்ப்பது. ஆக, மாடு மாதிரி ஓட்டிட்டு வந்தாதான் வருவேன்னு எழுதியிருக்கேன்!

இதுல கவனிக்க வேண்டியது, கட்டாயம் யார் மேலங்கறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட பேர்லயே 'கம்பல்சரி' இருக்கு. 6 முதல் 14 வயசுப் பிள்ளைங்களுக்கான சட்டம். ஆனா அந்தக் கட்டாயம் பிள்ளை மேல இல்லை, படிக்க வைக்க வேண்டிய அரசாங்கத்து மேலன்னு சட்டமே விளக்கம் சொல்லுது.

நம்ம 'கண்டிப்பா'வும் லேசுப்பட்டதில்லை. கண்டிப்பான வாத்தியார்னு சொல்றோமே, அதே கண்டிப்புதான். பேசிப் பேசி அதுல இருந்த பிரம்பு மட்டும் காணாமப் போயிடுச்சு.

எனக்கு இது உறைச்சது போன வாரம். மூணு வருஷமா அம்மா போன்ல, "பொங்கலுக்கு வர்றியாப்பா?"ன்னு கேட்பாங்க. "கண்டிப்பா வர்றேம்மா"ன்னு சொல்லுவேன். மூணு வருஷமும் போகலை. யாரோ ஒரு க்ளையன்ட்கிட்ட சொன்ன கண்டிப்பாவுக்கு மட்டும் காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்திருக்கேன்.

இந்த வருஷம் டிக்கெட் போட்டுட்டுதான் போன் பண்ணினேன். "இந்தத் தடவை கண்டிப்பா வர்றேம்மா."

அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "கண்டிப்பா எல்லாம் வேணாம்ப்பா. முடிஞ்சா வா."

டிக்கெட் போட்டதை நான் சொல்லலை. போய் நின்னுட்டுச் சொல்லிக்கலாம்.