கட்டி போய்விட்டது, படிப்பு ஏன் வரவில்லை?

எம். புதுப்பட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவருமே பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். பையனுக்கு ஏழு வயதில் ஓயாத தலைவலி, காலையில் எழுந்ததும் வாந்தி. ஸ்கேன் எடுத்தால் மூளையில் கட்டி. மதுரைக்கு அலைந்து, ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரம் கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. பிள்ளை பிழைத்துவிட்டான்.

மூன்று வருஷம் கழித்து வாத்தியார் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புகிறார்.

"ஏம்மா, முன்னாடி நல்லாப் படிச்ச பையன். இப்ப போர்டுல இருக்கிறத எழுதி முடிக்கவே நேரம் பத்தல. வீட்டுல கவனிக்கிறதே இல்லையா?"

"கட்டிதான் போயிருச்சே சார்... இப்ப என்னன்னு தெரியலையே."

இந்த வீடு கற்பனைதான். ஆனால் அந்தக் கேள்வி கற்பனை இல்லை. பட்டாசு வெடித்தால் காயம் அன்றைக்கே தெரியும். கதிர்வீச்சின் காயம் அப்படி இல்லை, மாதங்கள், வருடங்கள் கழித்துத்தான் வெளியே வரும். புதிதாய் நினைவில் பதிய வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியும், மூளையின் பகுதிகளை இணைக்கும் வெள்ளை நரம்பிழைகளும் வளர்கிற வயதில் அடிபடுகின்றன. படித்தது பெரும்பாலும் மறந்துபோவதில்லை. புதிதாய்ப் படிக்கும் வேகம்தான் குறைகிறது. கூடப் படிப்பவர்கள் முன்னே போய்விட, இவன் பின்தங்குகிறான். வயது எவ்வளவு குறைவோ, கதிர் படும் இடம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பாதிப்பு.

அப்படியானால் கதிர்வீச்சே வேண்டாமா? அதுவும் முடியாது. பல கட்டிகளுக்கு உயிரைக் காப்பதே அதுதான். செய்யக்கூடியது, நல்ல மூளையில் கதிர் படுவதைக் குறைப்பது. இதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் ராகேஷ் ஜலாலியின் குழு, 2001 முதல் 2012 வரை, தீவிரம் குறைந்த மூளைக்கட்டி உள்ள 200 இளம் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. இரண்டுக்கும் ஒரே அளவு கதிர்: 30 தவணைகளில் 54 கிரே. ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை, இன்னொன்றுக்குக் கட்டியின் வடிவத்தை ஒட்டிக் குறுக்கிய கதிர். 2017இல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகளில் குறுக்கிய கதிர் பெற்றவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் மேலாக இருந்தது. புதிதாய் ஹார்மோன் குறைபாடு வந்தவர்கள் அவர்களில் 31 சதவீதம், மற்றவர்களில் 51 சதவீதம். உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கட்டியைத் தாண்டிப் போகாமல் நின்றுவிடும் புரோட்டான் கதிரும் 2019இல் சென்னை தரமணிக்கு வந்துவிட்டது. செலவுதான் எல்லோருக்கும் எட்டாது.

சரி, ஏற்கெனவே கதிர்வீச்சு முடிந்த பிள்ளைக்கு என்ன வழி? பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருஷம் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். அங்கே மெதுவாய்ப் படிக்கிறவனுக்குச் "சோம்பேறி" என்ற பெயர் சீக்கிரம் கிடைத்துவிடும். அடி விழும், பள்ளிக்கூடம் கசக்கும், நின்றுவிடுவான். பிறகு அவன் போவதும் பட்டாசு ஆலைக்குத்தான். கவனம் சிதறுகிற, கை மெதுவாய் ஓடுகிற ஒருவன் மருந்து அறையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தேவைப்படுவது பெரிய விஷயம் எதுவும் இல்லை. முன் பெஞ்சு, எழுதக் கூடுதல் நேரம், ஒரு நேரத்தில் ஒரே வேலை, வருஷம் ஒரு முறை மனநல நிபுணரிடம் அறிவுத்திறன் சோதனை, ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை. டிஸ்சார்ஜ் சீட்டில், "இந்தக் குழந்தைக்குப் படிப்பின் வேகம் பின்னால் குறையலாம், பள்ளியில் தெரிவிக்கவும்" என்று தமிழில் இரண்டு வரி இருந்தால் போதும்.

அந்த இரண்டு வரியை அம்மா வாத்தியாரிடம் நீட்டியிருந்தால், அவர் கேட்டிருக்கும் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.