மெருகின் அளவு

மெருகு என்னும் சொல்லைத் தமிழாசிரியராகிய நாம் நாள்தோறும் கையாளுகிறோம். கட்டுரைக்கு மெருகூட்டுக என்று மாணவரிடம் சொல்கிறோம். நடை மெருகேறியிருக்கிறது என்று பாராட்டுகிறோம். ஊட்டுதல், ஏற்றுதல் ஆகிய வினைகள், மெருகு என்பது வெளியிலிருந்து கொணர்ந்து சேர்க்கப்படும் ஒரு பொருள் என்னும் எண்ணத்தைத் தருகின்றன. அண்மையில் கார் வண்ணத்தை மெருகிடும் எந்திரம் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பணியில் துணைநிற்க நேர்ந்தபோது, இவ்வினைகளின் பொருளை மீண்டும் எண்ணிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டிற்று.

நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர், தந்தையை இழந்தவர், பட்டம் பெற்றபின் வாட்டர் சர்வீஸ் நிலையமொன்றில் இரண்டாண்டுகள் வேலை பார்த்தார். பழைய கார்களின் மங்கிய வண்ணத்தைத் துலக்கும் தொழிலைத் தாமே தொடங்க விரும்பினார். ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாக 25,000 ரூபாய் கிடைத்தது. அக்கடனுக்குப் பிணைக் கையொப்பம் இட்டவர் நாம். திரும்பி வரும் பணம் அடுத்த எளியவரின் கைக்குச் செல்ல வேண்டியது. ஆதலால், "மெஷின் வாங்கும்போது நீங்களும் கூட வாருங்கள் ஐயா" என்று அவர் அழைத்தபோது மறுக்கவில்லை. கடைக்குச் செல்லுமுன் இருவரும் அமர்ந்து, எந்திரங்களின் கையேடுகளைச் சில மாலைப் பொழுதுகளில் படித்தோம்.

முதலில் அறிந்துகொண்டது வண்ணப்பூச்சின் அமைப்பு. இன்றைய காரில் இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற காப்புப் பூச்சு. இவையனைத்தும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனந்தான். அவற்றுள் கிளியர் கோட்டின் பங்கு சற்றேறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான். நம் தலைமுடியின் கனம் இதனினும் மிகுதி. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இந்த மெல்லிய படலமே.

மெருகிடுதல் என்றால் என்ன? வண்டி கழுவும் அழுக்குத் துணியாலும் புழுதியாலும் கிளியர் கோட்டின்மேல் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் வண்ணம் மங்கித் தோன்றுகிறது. காம்பவுண்டில் உள்ள நுண்துகள்கள் மேற்பரப்பைத் தேய்த்து, கீறலின் அடிமட்டம் வரை சமன்செய்கின்றன. அவ்வாறு சமனான பரப்பில் ஒளி நேராகத் திரும்புவதையே பளபளப்பு என்கிறோம். ஆகவே, ஒவ்வொரு மெருகிலும் ஓரிரு மைக்ரானாவது குறைகிறது. குறைந்தது திரும்ப வளர்வதில்லை.

பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் நிறமும் மினுமினுப்பும் ஒரே பூச்சில் இருந்தன. ரப்பிங் செய்யும்போது துணியில் நிறம் ஒட்டும். எவ்வளவு தேய்கிறது என்பதைத் தொழிலாளி கண்ணால் கண்டார். கிளியர் கோட் வந்தபின் அந்த அடையாளம் மறைந்தது. தேய்ந்து போவது நிறமற்ற படலம் ஆதலால், அது தீரும் வரை துணி ஒன்றும் சொல்வதில்லை. பழைய கைப்பழக்கமும் புதிய பூச்சும் சந்திக்கும் இடத்தில்தான் பல வண்டிகள் பாழாகின்றன.

எந்திரத்தில் இரு வகைகள் உண்டு. ரோட்டரி என்பது ஒரே அச்சில் நேராகச் சுழல்வது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 3,000 சுற்றுகள். விரைந்து வெட்டும், கைதேர்ந்தவரிடம் இதற்கு இணையில்லை. ஆனால் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் சூடேற்றிப் பூச்சைக் கருக்கிவிடும். கதவு விளிம்பிலும் பானட்டின் மடிப்பிலும் நொடிப்பொழுதில் பிரைமரைக் காட்டிவிடும். டூயல் ஆக்‌ஷன் என்பது, சுழலும்போதே சிறு வட்டமாகவும் அசைந்தாடுவது. 8, 15, 21 மில்லிமீட்டர் என அசைவின் அளவு வேறுபடும். இவ்வகையில் பெரும்பாலானவற்றில் அளவுக்கு மீறி அழுத்தினால் பேடின் சுழற்சி தானே நின்றுவிடும். வேலை மெதுவாகும், விபத்துக் குறையும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆங்கிள் கிரைண்டரில் பேடைப் பொருத்துவாரும் உளர். நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் அக்கருவி இரும்பை அறுப்பதற்கு உரியது.

மாணவர் ரோட்டரியையே நாடினார். "நாளைக்கு மூன்று வண்டி முடிக்கலாம் ஐயா, கடன் சீக்கிரம் அடையும்" என்றார். அவர் கணக்கிலும் நியாயம் இருந்தது. "தம்பி, வண்டி உன்னுடையதன்று, ஒரு கதவின் பூச்சுப் போனால் அதற்குப் பெயிண்டு அடித்துத் தர எத்தனை வண்டியின் கூலி வேண்டும்?" என்று கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், எண்ணி முடிக்கவில்லை. 15 மில்லிமீட்டர் அசைவுடைய டூயல் ஆக்‌ஷன் எந்திரத்தையே வாங்கினார். வாங்குமுன், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உண்டா, மணிக்கணக்கில் ஏந்தக்கூடிய எடைதானா, கார்பன் பிரஷும் பேட் ஒட்டும் தட்டும் உள்ளூரில் கிடைக்குமா என்பவற்றைக் கேட்டறிந்தார்.

எந்திரத்தோடு செலவு முடிவதில்லை. ஃபோம் பேடுகள் பல வேண்டும். ஒன்றையே வண்டி முழுதும் ஓட்டினால், உரிந்த பூச்சும் காய்ந்த காம்பவுண்டும் அதில் அடைத்துப் புதுக் கீறலை உண்டாக்கும். பேடின் நிறத்தை நம்பலாகாது. ஒரு நிறுவனத்தின் மஞ்சள் கடினமாகவும் இன்னொன்றின் மஞ்சள் மென்மையாகவும் இருக்கக்கூடும். கரடான காம்பவுண்டு ஒன்று, மென்மையான பாலிஷ் ஒன்று, கழுவினாலும் போகாத ஒட்டழுக்கை நீக்கும் களிமண் போன்ற கிளே பார், மாஸ்கிங் டேப், மைக்ரோஃபைபர் துணிகள், இறுதியில் காப்பாகப் பூசும் வாக்ஸ் ஆகியவை போதும். இவற்றுள் துணியில் சிக்கனம் பார்த்தல் ஆகாது என்பதை மாணவரே நமக்கு உணர்த்தினார். முரட்டுத் துணியால் துடைத்தால் மெருகிட்ட உழைப்பெல்லாம் அந்தத் துடைப்பிலேயே போய்விடும்.

நம் பழைய காரின் பானட்டில்தான் முதல் சோதனை. வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, விளிம்புகளில் டேப் ஒட்டினார். தட்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு வரைந்தார். அது சுழல்வது தெரிந்தால் அழுத்தம் சரி, நின்றால் மிகை. இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், முதலில் மென்மையான பேடையும் பாலிஷையும் கொண்டே தொடங்கினார். அதில் தீராத குறைக்கு மட்டுமே கரடானதை எடுத்தார். பின்னர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நீரில் கலந்து துடைத்து, எண்ணெய்ப் பசையின் பொய் மினுக்கு நீங்கியபின் விளக்கொளியில் பார்த்தார். கீறலை அகற்றாமல் நிரப்பி மறைக்கும் பாலிஷ்கள் சந்தையில் உண்டு. சில கழுவல்களில் கீறல்கள் திரும்பத் தோன்றும். அத்தகைய மினுக்கைக் காட்டிக் கூலி பெறுதல் குறையை மறைத்துச் சரக்கு விற்பதற்கு ஒப்பாகும். அது மார்க்கம் தடுத்த செயல்.

தொழில் தொடங்கிய முதல் மாதத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் காரைக் கொண்டுவந்தார். கூரையில் கிளியர் கோட் வெண்மையாய்ச் செதில் செதிலாக உரிந்திருந்தது. "இதற்குப் பாலிஷ் போட்டால் பணம்தான் வீண், பெரியவரே, பெயிண்டுதான் அடிக்க வேண்டும்" என்று கூறி, கழுவிய கூலியை மட்டும் பெற்று அனுப்பினார் நம் மாணவர். அந்த மாதத் தவணைக்கு அவரிடம் பணம் போதவில்லை என்பது நமக்குத் தெரியும். பைத்துல்மால் நிர்வாகத்தாரிடம் சென்று, பத்து நாள் தவணை கேட்டு வாங்கினார். பதினோராம் நாள் வரை வைத்திருக்கவில்லை.

வகுப்பறையிலும் நாம் மெருகிடும் தொழிலையே செய்கிறோம். மாணவனின் இயல்பும் ஊக்கமும் மெல்லிய படலங்கள். ஒரு பிழைக்காகச் சிவப்பு மையை அழுந்தத் தீட்டும்போது, பிழையோடு வேறு எது தேய்கிறது என்பதும் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மென்மையான முறையில் தொடங்குதல், போதுமான இடத்தில் நிறுத்துதல், அழுத்தம் மிகும்போது தானே நின்றுவிடும் கருவியைக் கையில் கொள்ளுதல் ஆகிய மூன்றும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வேண்டிய பண்புகள். பட்டம் பெற்றுக் கைத்தொழிலில் இறங்கும் நம் இளைஞர்களின் கரங்களுக்கும், அவர்களை நம்பிக் கடனளிக்கும் ஜமாஅத்துகளுக்கும் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக.