அளவு சரி... இடம் சரியா?

சர்வேயிங் என்றதும் நம் சிவில் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது மூன்றே மூன்று: வெயில், கேம்ப், அரியர். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு அதுவும் இல்லை. மைதானத்தில் சிவப்பு வெள்ளைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்பதைப் பார்த்து, "என்னடா, எந்தக் கட்சிக் கொடி?" என்று கேட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். போகட்டும். ஆனால் நாளைக்கு நம்மில் பாதிப்பேர் பிழைக்கப் போவது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கும் ஏதோ ஒரு ஷெட்டில்தான். அந்த ஷெட் எந்த சர்வே எண்ணில் நிற்கிறது என்பது அதன் முதலாளிக்கே தெரியாமல் இருக்கலாம் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பியிருக்க மாட்டேன், சென்ற கோடை விடுமுறையில் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஒரு தனியார் சர்வேயரிடம் போய்ச் சேராமல் இருந்திருந்தால்.

அவர் அரசு சர்வே துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டோட்டல் ஸ்டேஷன் வைத்திருந்தார். ஆனாலும் பையில் எப்போதும் ஒரு மண்வெட்டித் தலை இருக்கும். "கருவி அளக்கும் தம்பி, கல்லைத் தேடித் தராது" என்பார்.

நம் பகுதியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் வெளியே அனுப்பியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறந்தது, டெய்ம்லர் 2012-ல் வந்தது. இந்தப் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் சிப்காட் வளாகத்தில் 99 வருடக் குத்தகைக்கு மனை வாங்கியவை. சிப்காட் மனை அளந்து, எல்லை காட்டி, ரோடு போட்டுக் கொடுக்கப்படுவது. கஷ்டம் அதற்கு வெளியேதான் இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு போல்ட்டும், ரப்பர் வாஷரும், அட்டைப் பெட்டியும் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் கிராமத்து நிலத்தை விவசாயிகளிடம் நேராக வாங்குகிறார்கள். அது நேற்றுவரை நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த இடம். வரப்பு இருந்தவரை எல்லை தெரிந்தது. ஜே.சி.பி. ஒரு நாள் ஓடினால் வரப்பும் போச்சு, கல்லும் போச்சு.

இனி நான் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூரில் வாடகை ஷெட்டில் 6 லேத் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சொந்தமாக இடம் வாங்க முன்பணம் கொடுத்திருந்தார். பேங்க் லோன், மனைவியின் நகை, மச்சானிடம் கைமாற்று எல்லாம் சேர்ந்த பணம். பட்டாவில் பரப்பு 0.24.50 என்று இருந்தது. அதாவது ஹெக்டேர் பூஜ்யம், ஏர் இருபத்துநாலரை. ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக 60½ சென்ட். வடக்கே ரோடு, தெற்கே வாய்க்கால், கிழக்கிலும் மேற்கிலும் அடுத்தவர் நிலம். நாலு பக்கமும் கல்லுக்கால் நட்டு முள்கம்பி போட்டிருந்தது. வில்லங்கச் சான்று சுத்தம். வக்கீல் ஒப்பீனியன் சுத்தம். லோனுக்காக வந்து பார்த்த என்ஜினீயரும் டேப் பிடித்து, 40 மீட்டருக்கு 61¼ மீட்டர், 2,450 சதுர மீட்டர், சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பத்திரம் சொல்வதும், பட்டா சொல்வதும், டேப் சொல்வதும் ஒன்றே. பிறகு எதற்கு சர்வே என்று நாம்கூடக் கேட்போம். வாங்குபவரும் கேட்டார். "இதுக்கு வேற தனியா செலவா சார்?" என்று இழுத்தார். அவருடைய மச்சான்தான் பிடிவாதமாக எங்கள் சாரை அழைத்து வந்தார்.

சார் முள்கம்பிப் பக்கமே போகவில்லை. புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி. ஸ்கெட்சை, கையில் எடுத்துக்கொண்டு இரண்டு வயல் தாண்டி ஏரிக்கரைக்கு நடந்தார். மூன்று கிராம எல்லை சந்திக்கும் கல் அங்கே இருக்க வேண்டும் என்றார். அரை மணி நேரம் சீமைக்கருவேல முள்ளில் கையைக் கிழித்துக்கொண்ட பிறகு, மண்வெட்டி 'ணங்' என்றது! கல். அதிலிருந்து படத்தில் போட்டிருந்த தூரத்தைப் பிடித்து நடந்தால், பக்கத்து நிலத்தின் மூலையில் இன்னொரு கல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. இரண்டு கல்லும் கிடைத்தால் போதும் நண்பர்களே. அவற்றை இணைக்கும் கோட்டைப் பிடித்து, குறுக்குக் கோட்டையும் ஆஃப்செட்டையும் போட்டுக்கொண்டே போனால், அந்தப் புலத்தின் ஒவ்வொரு மூலையும் தரையில் தானாக வந்து உட்காரும். நாம் ரெக்கார்டு நோட்டில் பார்த்துக் காப்பி அடித்த அதே சமாச்சாரம்தான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடி கன்டர் சங்கிலியை யார் இன்று பிடிக்கிறார்கள் என்று நாம் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடுகிறோம். அந்தச் சங்கிலிக்கு 100 லிங்க். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்படியானால் ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். ஊரில் எல்லோரும் தினமும் சொல்லும் சென்ட் அந்தச் சங்கிலியோடு இவ்வளவு நேராகக் கணக்கு ஒத்துப்போவதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை!

சரி, மூலைகள் எங்கே விழுந்தன? வடக்கு எல்லைக் கோடு தார் ரோட்டின் மேல் விழுந்தது. கம்பி வேலிக்கு 6 மீட்டர் வெளியே. தெற்கு எல்லைக் கோடு வேலிக்கு 6 மீட்டர் உள்ளே விழுந்தது. வாய்க்கால் என்று படத்தில் இருந்த இடம் முழுவதும் கிராவல் கொட்டி நிரவி, வேலிக்குள்ளே இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. சார் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். சில வருடம் முன்பு அந்த ரோட்டை அகலப்படுத்தியபோது முன்பக்கம் 6 மீட்டர் பட்டையை எடுத்திருக்கிறார்கள். 40 மீட்டர் நீளத்துக்கு 240 சதுர மீட்டர், ஏறக்குறைய 6 சென்ட், ஒரு கிரவுண்டுக்கும் மேல். ஆனால் உட்பிரிவு செய்து பட்டாவில் கழிக்கவில்லை. பட்டாவில் 60½ அப்படியே நின்றுவிட்டது. விற்றுக் கொடுக்க வந்த தரகர் டேப் பிடித்திருக்கிறார். 6 சென்ட் குறைந்திருக்கிறது. பின்பக்கம் நகர்ந்து வாய்க்காலை மூடிக் கணக்கை நேர் செய்துவிட்டார். அளவு சரிதான். இடம்தான் 6 மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

டேப் நிலத்தின் நீள அகலத்தைத்தான் சொல்லும். அந்த நீள அகலம் பூமியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல கல்லும் புலப்படமும் வேண்டும். கோர்ட்டிலும் பத்திரத்தில் எழுதிய எல்லைக்கும் விஸ்தீரணத்துக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைதான் நிற்கும்; "60½ சென்ட் என்று எழுதியிருக்கிறதே" என்று கத்தினால் எடுபடாது. அதிலும் மூடியது வாய்க்கால் புறம்போக்கு. அதன் மேல் ஷெட் கட்டினால் எத்தனை வருடம் கழித்து இடிக்க நோட்டீஸ் வந்தாலும் கேள்வி கேட்க முடியாது. பேங்க் தவணை மட்டும் நிற்காமல் ஓடும்.

நிலத்துக்காரப் பெரியவர் ஒரு பக்கமாகக் குந்தியிருந்தார். சார் அவரிடம் போய், "பெரியவரே, ரோட்டுக்கு எடுத்தப்போ பணம் குடுத்தாங்களா?" என்று கேட்டார். "குடுத்தாங்க சாமி. பெரிய பொண்ணு கல்யாணத்துல போட்டுட்டேன். பட்டாவுல அப்படியே இருக்குதே, அதான் இன்னும் நம்மளுதுன்னு..." என்று நிறுத்திவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது, ஏமாற்ற வந்தவராக எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு வாங்கியவர் கேஸ் போட்டால் தரகர் இருக்க மாட்டார். பத்திரத்தில் கைநாட்டு வைத்த இந்தப் பெரியவர்தான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். சர்வே வாங்குபவனுக்கு மட்டுமான பாதுகாப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

காகிதத்தை மட்டும் நம்புவதால் வரும் வினைக்கு நம் வட்டத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. பீமன்தாங்கலில் 'அனாதீனம்' என்று பதிவேட்டில் இருந்த அரசு நிலத்துக்குத் தனியார் பெயரில் பட்டா ஏறி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கான இழப்பீடும் வாங்கப்பட்ட விவகாரத்தில் 2021-ல் சி.பி.சி.ஐ.டி. கைது வரை போனது. பட்டா கையில் இருந்தாலும் 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதோடு, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியில் ஏக்கர் ஹெக்டேராக மாறிப் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது விழுந்த பிழைகள் இன்னும் தாலுகா அலுவலகங்களில் மனுவாக நடந்துகொண்டிருக்கின்றன.

வாய்க்கால் என்றால் நமக்கு அலட்சியம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரித் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஒவ்வொரு ஏரியும் அடுத்த ஏரிக்கு இப்படி வாய்க்காலால் கோர்க்கப்பட்ட பூமி இது. 2015 டிசம்பர் மழையில் இந்தப் பகுதியின் பெரிய கார் ஆலைகளே உற்பத்தியை நிறுத்தின. 6 மீட்டர் வாய்க்காலை மூடி அதன் மேல் லேத் மிஷினை நிறுத்துகிறவர் எந்தத் தண்ணீரின் வழியில் நிற்கிறார் என்பதை எஃப்.எம்.பி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. படிக்கத்தான் ஆள் வேண்டும்.

ஆள் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. சென்னையில் சர்வே பள்ளி 1794-லேயே தொடங்கிவிட்டது. இன்றைய கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். லாம்ப்டன் துரை இந்தியாவை அளக்கும் முதல் அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலையில் ஆரம்பித்தார். ஏழரை மைலை அளக்க 57 நாள்! ஒரகடத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் நடந்த வேலை இது. நாமோ புலப்படத்தை ஒருமுறைகூடக் கையில் பிடிக்காமல் டிப்ளமோ வாங்கிவிடுகிறோம். இப்போது அது இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் வீட்டு நிலத்தின் படத்தை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லைத் தேடிப் பாருங்கள். கல்லைப் பாதுகாக்கும் பொறுப்பை 1923-ம் வருட சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் நிலத்துக்காரர் தலையில்தான் வைத்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், "யாருடா பிடுங்கப் போறான்?" என்றார்.

அந்த வியாபாரம் முறியவில்லை. பெரியவர் உட்பிரிவுக்கு மனு கொடுத்தார். தாலுகா சர்வேயர் நேரில் வந்து அளந்து, ரோட்டுக்குப் போனதைக் கழித்துவிட்டுப் பட்டா 0.22.10 என்று மாறியது. 54½ சென்ட். அந்த அளவுக்கே விலை பேசி, நாலு மூலைக் கல்லும் காட்டிய வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்துப் பதிவு செய்தார்கள். முழுதாக இரண்டு மாதம் தள்ளிப்போனதில் அம்பத்தூர்க்காரருக்கு வாடகை நஷ்டம். எங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரியவருக்கு 6 சென்ட் பணம் கிடைக்காத வருத்தம். தரகர் கமிஷனை மட்டும் 60½ சென்டுக்கே கேட்டாராம்!

இப்போது அங்கே ஷெட் எழும்பிவிட்டது, பின்சுவர் வாய்க்கால் கோட்டுக்கு உள்ளேயே. ஆனால் வாய்க்காலில் கொட்டிய கிராவல் அப்படியே கிடக்கிறது. அதை அள்ளும் செலவு யாருடையது என்பதில் மூன்று பேருக்கும் இன்னும் ஒத்து வரவில்லை.