எனக்குக் கேளாத குருவி



முப்பது ஆண்டுகளாக ஆகாயத்துப் பட்சிகளைக் குறித்துப் பிரசங்கித்து வந்திருக்கிறேன். ஆனாலும் காகம், புறா, சிட்டுக்குருவி, பருந்து என்பவற்றுக்கு மேல் ஐந்தாவது ஒரு பெயரை யாராவது என்னிடத்தில் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். மும்பையில் ஒரு குறுகிய சந்தின் மேல்மாடியில், தகரக் கூரையின் கீழ் கூடுகிற சபை எங்களுடையது. அங்கே வந்து போகும் பட்சிகளும் அவ்வளவே.

ஆகையால் என் மகன், "அப்பா, ஏப்ரலில் அருணாசலப் பிரதேசத்துக்குப் பறவை பார்க்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தபோது, குருவி பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டியா, அவருக்குக் கூலியும் உண்டா என்று உள்ளுக்குள் நகைத்தேன். ஒரு ஞாயிறு ஆராதனையை உடன் ஊழியரிடம் ஒப்புவித்துவிட்டுப் புறப்படவும் மனம் இடங்கொடுக்கவில்லை. வளர்ந்த மகனோடு பத்து நாள் ஒன்றாய் இருப்பது இனி எப்போது வாய்க்கும் என்ற எண்ணமே என்னைக் கொண்டுபோயிற்று.

குவாஹாத்தியில் இறங்கி, தேஜ்பூர் வழியாகச் சென்று, பாலுக்போங் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டி மலையேறினோம். முதலில் 4,170 மீட்டர் உயரமுள்ள சேலா கணவாய். 2024-ஆம் ஆண்டில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் பெரும்பாலான வண்டிகள் அதன் வழியே போய்விடுகின்றன. பட்சிகளுக்காக நாங்கள் பழைய பாதையில் ஏறினோம். பனியின் ஓரத்தில் கிராண்டாலா என்னும் பட்சிக் கூட்டம் எழும்பியது. ஆண் பட்சிகள் கறுத்த இறக்கையும் வாலும் தவிர ஏறக்குறைய முழுவதும் நீலம். அந்த நீலத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கணவாய்க்குக் கீழே ஊசியிலைக் காட்டில்தான் எனக்குச் சோதனை வந்தது. எங்கள் வழிகாட்டி புகுன் பழங்குடியைச் சேர்ந்த வாலிபர். திடீரென்று நின்று விரலை உயர்த்தினார். "கோல்ட்கிரெஸ்ட்" என்றார் மகன் மெல்லிய குரலில். ஐந்தாறு கிராம் மாத்திரமே எடையுள்ள குருவி; மரத்தின் உச்சியில் ஊசிபோன்ற மெல்லிய சத்தமிடுமாம். இருவரும் ஒரே கிளையை நோக்கினார்கள். எனக்கோ காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. "கேட்கிறதா, அங்கிள்?" என்று அவ்வாலிபர் இந்தியில் கேட்டார். கேட்கிறது என்று தலையசைத்தேன்.

ஊழியக்காரன் பொய் சொன்னான், வாசகரே. அன்றைக்கு மட்டுமல்ல, மறுநாளும் இரண்டு முறை தலையசைத்தேன்.

பின்பு ஈகிள்நெஸ்ட் சரணாலயத்துக்கு வந்தோம். அங்கே ஒரே மண்பாதை குளிர்ந்த மலைமுகட்டிலிருந்து யானைகள் உலாவும் மழைக்காடு வரைக்கும் இறங்குகிறது. ஒவ்வொரு சில நூறு மீட்டருக்கும் மரங்கள் மாறுகின்றன, பட்சிகளும் மாறுகின்றன. மூங்கிலும் பாசியும் மூடிய அந்தக் காட்டில் கண்ணால் தேடுகிறவன் ஒன்றையும் காணமாட்டான். முதலில் காது, அதன் பிறகே கண். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி அவருடைய காதுக்குத்தான் என்று அப்போது உணர்ந்தேன். கைப்பேசியில் பட்சியின் குரலை ஒலிக்கச்செய்து அதை அருகே வரவழைக்கலாமே என்றேன். "கூடு கட்டும் காலம், அங்கிள். வீணாய் அலைக்கழிக்கக்கூடாது" என்று மறுத்துவிட்டார்.

லாமா கேம்ப் என்னும் இடத்தில், அவருடைய குலத்தின் பெயரைச் சுமக்கிற பட்சியையும் காட்டினார்: புகுன் லியோசிக்லா. கறுப்புத் தொப்பி வைத்தது போன்ற தலை, இறக்கையில் மஞ்சளும் சிவப்பும். ரமணா ஆத்ரேயா என்னும் வானியல் அறிஞர் 1995-இல் அதைக் கண்டு, பத்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் கண்டு, 2006-இல் புதிய இனமாக உலகுக்கு அறிவித்தார். புதிய இனத்தை அறிவிக்க ஒரு பட்சியையாவது கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பது வழக்கம். இவரோ, எண்ணிக்கையில் இவ்வளவு குறைந்த இனத்தில் ஒன்றையும் கொல்லமாட்டேன் என்று, வலையில் பிடித்ததை விடுவித்து, உதிர்ந்த இறகுகளையும் படங்களையும் குரல்பதிவையும் கொண்டே அதை விவரித்தார். சிங்சுங் கிராமத்துப் புகுன் மக்கள் தங்கள் காட்டில் 17 சதுர கிலோமீட்டரை 2017-இல் சமூகக் காப்பகமாக்கினார்கள்.

பொம்பு முகாமில் இரவு நெருப்பின் அருகே அமர்ந்து, காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தபோது மகனிடம் உண்மையைச் சொன்னேன்: "அந்தச் சின்னக் குருவிகளில் ஒன்றின் சத்தமும் எனக்குக் கேட்கவில்லையடா."

"தெரியும் அப்பா" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆராதனையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றீர்களே" என்றான். பிறகு, தீயைப் பார்த்தபடியே, "எனக்கு ஒன்பது வயதில் காது வலிக்கிறது என்று உங்களிடம் சொன்னேன். ஜெபிக்க மனதில்லாமல் சாக்குச் சொல்கிறாய் என்று என்னைத் திரும்ப முன்வரிசையில் உட்காரவைத்தீர்கள்" என்றான்.

எனக்கு அது நினைவில் இல்லை. அவனுக்கு இருந்தது. மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் என் காலிலிருந்த மற்றொரு அட்டையை எடுத்துப் போட்டான்.

மறுநாள் தாழ்ந்த மழைக்காட்டில், மூடுபனிக்குள் ஏதோ ரயில் வருவது போன்ற இரைச்சல். இருவாச்சி! செம்பழுப்புக் கழுத்துடைய அந்தப் பெரும்பட்சியின் சிறகடிப்பு அது. வழிகாட்டி விரலை உயர்த்துமுன்னே நான் மகனின் தோளைத் தொட்டுக் காட்டினேன். மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் பேட்டுக்குச் சேவல் கனி சுமந்து செல்லும் காலம் அது.

மும்பைக்குத் திரும்பியதும் காது பரிசோதித்தேன். உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள்தான் முதலில் போகுமாம். உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லையாம். அந்த வாரமே ஸ்பீக்கர்களைச் சுவரில் உயர்த்திக் கட்டி, சத்தத்தையும் குறைக்கச் சொன்னேன். பிள்ளைகளின் பாய்களைப் பின்னுக்கு இழுத்துப் போட்டோம். "பாஸ்டர், முன்போல அனல் இல்லையே" என்று ஒரு தாயார் இன்னமும் குறைப்படுகிறார்கள். சென்ற ஞாயிறு மகன் வந்திருந்தான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தான்.