சாப்பாட்டு அறைக்கு ஒரு சரவிளக்கு



வீட்டிற்கு ஒரு பொருள் வாங்கும்போது அதன் விலையையும் அழகையும் பார்க்கிறோம். அது தொங்கப்போகும் அறையில் யார் அமர்ந்து உண்கிறார்கள், அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்துச் சாப்பாட்டு அறைக்குச் சரவிளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. அதையொட்டி எங்களுக்குள் நடந்த பேச்சு மார்க்கம், கணக்கு, முதுமை என்று பல திசைகளில் சென்றது. இதே போன்ற தேர்வில் இருப்போருக்குப் பயன்படலாம் என்பதால் அதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளத்தில் இருக்கிறது. ஊரில் பெரும்பாலோர் மீன்பிடித் தொழில் செய்யும் கத்தோலிக்கக் கிறித்தவர்கள். சங்கு வணிகம் செய்த எங்கள் பாட்டனார் இங்கு வந்து வீடு கட்டினார். அக்காலத்தில் மன்னார் வளைகுடாவின் சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்காளம் வரை சென்றன. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோயிற்று. அந்த நாட்களில் வீட்டிற்கு வரும் படகுக்காரர்களும் மூழ்குநர்களும் உண்டுவிட்டுத்தான் போவார்கள். பாய் விரித்து, அதன்மேல் சுப்ரா விரித்து, ஒரு ஸஹனுக்கு இருவரோ மூவரோ அமர்வார்கள். முதலாளிக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு தட்டு என்ற பேதம் அந்த அறையில் இருந்ததில்லை என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த அறைக்குத்தான் விளக்கு தேவைப்பட்டது. காக்காவின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அபுதாபியில் பணிபுரியும் காக்கா, வீட்டைச் சீர்செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்து, "சாப்பாட்டு அறைக்கு மட்டும் நல்ல கிரிஸ்டல் சரவிளக்கு ஒன்று பார், மற்றவை உன் விருப்பம்" என்றார். அவர் தொழச் செல்லும் ஷேக் ஸாயித் பள்ளிவாசலில் தொங்கும் பெரிய சரவிளக்கு 10 மீட்டர் விட்டமும் 15 மீட்டர் உயரமும் கொண்டது. எடை ஏறத்தாழ 12 டன். மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பள்ளிவாசலில் இருப்பது 14 மீட்டர் உயரம். அவற்றின் கீழே நின்று தொழுத மனிதருக்கு ஒளியின் மீது ஆசை பிறப்பது இயல்பே.

நம் முந்தைய தலைமுறையினர் இவ்விளக்கை லஸ்தர் என்றனர். செட்டிநாட்டு வீடுகளிலும் கடற்கரை மரைக்காயர்களின் பெரிய வீடுகளிலும் கப்பலில் வந்திறங்கிய கண்ணாடி விளக்குகள் தொங்கின. பர்மிங்காமில் 1807இல் தொடங்கிய ஆஸ்லர் நிறுவனம் இந்திய அரண்மனைகளுக்கென்றே விளக்குகள் செய்து அனுப்பியது. இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் கண்ணாடிச் சரங்களும், மொராதாபாத்தில் பித்தளைக் கிளைகளும் உருவாகின்றன. இரண்டு ஊர்களிலும் உலையருகே நிற்கும் கைவினைஞர்களில் நம் சமுதாயத்தவர் ஏராளம்.

முதல் கேள்வி மார்க்கம் பற்றியது. சரவிளக்கு வாங்குவது இஸ்ராஃப் ஆகாதா என்று என் மருமகனே கேட்டான். உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்று ஏவுகின்ற அல் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை அடுத்தே, அல்லாஹ் தன் அடியார்களுக்கு வழங்கிய அழகை விலக்கியவர் யார் என்று கேட்கும் வசனம் வருகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அழகான உடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகை நேசிப்பவன் என்றும், உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாக நினைப்பதுமே பெருமை என்றும் விளக்கினார்கள். முஸ்லிம் நூலில் இது பதிவாகியுள்ளது. ஆகவே நான் எனக்கு வைத்துக்கொண்ட சோதனை இதுதான்: இந்த விளக்கின் கீழே அமரும் படகுக்காரர் தம்மைச் சிறியவராக உணர்வாரா? உணர்வார் எனில் விலை குறைவாக இருந்தாலும் அது வேண்டாம்.

இரண்டாவது கேள்வி கணக்கு. விளக்குக் கடைகளில் இரண்டு விதிகள் சொல்வார்கள். அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டினால் வரும் எண்ணே அங்குலத்தில் விளக்கின் விட்டம். எங்கள் அறை 16க்கு 14 அடி. எனவே 30 அங்குலம். மேசைக்கு மேலே தொங்குவதானால் மேசை அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கலாம். மேசைப் பரப்பிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில் அடிப்பாகம் நிற்க வேண்டும். எட்டடிக்கு மேல் கூரை உயரும் ஒவ்வோர் அடிக்கும் மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த இரண்டாம் விதி எங்களுக்குப் பொருந்தவில்லை. எங்கள் கூரை 12 அடி. விதிப்படி தொங்கவிட்டால் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து ஆறு, ஆறரை அடியில் நிற்கும். மேசை போட்ட அறையில் எவரும் அதன் கீழே நடப்பதில்லை, ஆகவே தொல்லையில்லை. தரையில் அமர்ந்து உண்ணும் அறையிலோ விளக்கின் நேர் கீழேதான் ஸஹன் இருக்கும். உண்டு எழுபவரின் தலை அதில் இடிக்கும். தரையிலிருந்து ஏழடியேனும் விட வேண்டும். அவ்வளவு உயர்த்தினால் ஒளி பரவி மங்கும். நாற்காலிப் பழக்கத்திற்காக வகுத்த அளவைப் பாய்ப் பழக்கத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது என்பதை உங்கள் கொத்தனாரிடமும் மின்பணியாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி காற்று. தூத்துக்குடியிலிருந்து எங்கள் ஊர் வரும் வழியெங்கும் உப்பளங்கள். கடற்காற்றில் கலந்து வரும் உப்பு, கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். முலாம் பூசிய இரும்பு ஓரிரு ஆண்டுகளில் துருவேறும். பித்தளை களிம்பேறும், ஆனால் மேற்பூச்சு இல்லாத பித்தளையைப் புளி கொண்டு துலக்கிவிடலாம். காக்கா அனுப்பிய படத்தில் இருந்த விளக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தொங்கல்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைக்க ஏணியின் மீது ஏறப்போவது யார்? அபுதாபியில் இருப்பவர் அல்லர். வீட்டுப் பெண்களும், உதவிக்கு வரும் பெண்ணும்தான். ஒரு பொருளின் விலையில் அதைப் பேணும் உழைப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் காக்காவிடம் தொலைபேசியில் எடுத்துரைத்தேன். அவர் இணங்கவில்லை. "நான் வருடத்தில் ஒரு மாதம்தான் அந்த வீட்டில் இருக்கிறேன். என் மகளின் நிக்காஹ்வுக்காவது அது ஒளிரட்டும் என்று நினைக்கிறேன். அதற்கும் கணக்குப் பார்க்கிறாயே, தங்கச்சி" என்றார். அந்தக் குரலில் ஆடம்பரம் இல்லை. தூரத்தில் வாழும் மகனின் ஏக்கமே இருந்தது. எனக்கு மறுமொழி எழவில்லை.

முடிவைத் தந்தது உம்மாவின் கண். சில மாதங்களாக உம்மா இரவு உணவை எங்களோடு உண்பதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படியில் குழல் விளக்கின் கீழே அமர்ந்து உண்பார்கள். மீனை விட்டு ரசமும் அப்பளமும் போதும் என்பார்கள். வயதானால் பசி குறையும் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் இரு கண்களிலும் புரை தொடங்கியிருப்பது தெரிந்தது. திரும்பும் வழியில் உம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "அந்த அறையில் மீன் முள் தெரியவில்லை, கண்ணு. பிள்ளைகளுக்கு முன்னால் தடவித் தடவித் தின்ன வெட்கமாக இருக்கிறது."

மருத்துவர் விளக்கியதை இங்கு எழுதுவது பயன் தரும். இருபது வயதில் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் அடைகிறது. ஆகவே முதியவர்களுக்கு ஒளி கூடுதலாக வேண்டும். ஆனால் புரை உள்ள கண்ணில் புகும் ஒளி சிதறுகிறது. எனவே மறைப்பில்லாத பல்புகளும் மின்னிச் சிதறும் முனைகளும் கூச்சத்தைத் தரும். அதாவது உணவின் மேல் ஒளி மிகுதியாக விழ வேண்டும், விளக்கின் மூலம் கண்ணில் நேராகப் படக்கூடாது. கிரிஸ்டல் சரவிளக்கின் பெருமையே பல முனைகளில் ஒளியை உடைத்து மின்னுவதுதான். எந்த அறையில் உம்மா அமர வேண்டுமோ, அந்த அறையிலிருந்து அந்த மின்னலே அவர்களை இன்னும் விலக்கிவிடும்.

இதைக் கேட்டபின் காக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உம்மா உட்காரும்படி ஒரு விளக்குப் பார்" என்றார்.

நாங்கள் வாங்கியது இதுதான். மொராதாபாத்தில் செய்த, மேற்பூச்சு இல்லாத பித்தளைச் சரவிளக்கு. ஆறு கிளைகள், ஒவ்வொன்றிலும் பால்நிறக் கண்ணாடிக் குமிழ். விட்டம் 28 அங்குலம். தேக்கு உத்தரத்தில் கொக்கி அடித்து, கப்பி வைத்த சங்கிலியில் தொங்குகிறது. உண்ணும்போது சற்று இறக்கவும், பாய் சுருட்டியபின் ஏழடிக்கு மேல் ஏற்றவும், துடைக்கத் தரைவரை இறக்கவும் முடியும். நான்கு வாட் எல்இடி பல்புகள் ஆறு. மொத்தம் 24 வாட்தான். பழைய 40 வாட் குண்டு பல்புகளாக இருந்தால் 240 வாட் ஆகியிருக்கும். மஞ்சள் சாய்ந்த 2700 கெல்வின் ஒளியைத் தேர்ந்தோம். மின்விசிறியை நடுவிலிருந்து அகற்றி, இரண்டாக ஓரங்களில் மாட்டினோம். விளக்குக்குக் கீழே விசிறி சுழன்றால் உணவின்மேல் நிழல் ஆடிக்கொண்டே இருக்கும்.

பக்க ஒளிக்குச் சுவரில் விளக்கு மாட்ட எண்ணியபோது கொத்தனார் தடுத்தார். இக்கடற்கரையின் பழைய வீடுகளைப் போல எங்கள் சுவரும் பவளக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. துளையிட்டால் உதிரும்; உதிர்ந்த கல்லுக்கு மாற்றுக் கல் இன்று கடலிலிருந்து எடுக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் அதே சுவரில் பாட்டனார் காலத்து மாடக்குழிகள் இரண்டு இருந்தன. எண்ணெய் விளக்கு வைப்பதற்காகக் கட்டப்பட்டுப் பிறகு சாவியும் சீப்பும் வைக்கும் இடமாகிவிட்டவை. அவற்றைத் துப்புரவாக்கி, உள்ளே சிறு விளக்குகளை மறைத்து வைத்தோம்.

அன்றிரவு அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. அல்லாஹ்வின் ஒளிக்கு அவ்வசனம் காட்டும் உவமை அரண்மனை விளக்கன்று. ஒரு மாடக்குழி, அதனுள் ஒரு விளக்கு, விளக்கைச் சூழ்ந்த கண்ணாடி, ஆலிவ் எண்ணெய். அரபியில் மிஷ்காத் என்று வரும் சொல்லுக்கு நம் வீட்டு மாடக்குழியே பொருள். மம்லூக்குகள் காலத்து எகிப்திலும் சிரியாவிலும் இந்த வசனத்தையே வண்ணப் பூச்சால் கண்ணாடியில் எழுதிப் பள்ளிவாசல்களில் விளக்குகளாகத் தொங்கவிட்டனர். அவற்றுள் பல இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ளன. பெரிய விளக்கையும் நம்மவர்கள் வெறுக்கவில்லை, சிறு மாடத்தையும் மறக்கவில்லை.

நிக்காஹ் விருந்தன்று பக்கத்து வீட்டுப் படகுக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பந்தியில் உம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலிக்காகத் தாழ்ந்த பலகை ஒன்று போட்டிருந்தோம். அவர்கள் விளமீன் துண்டை எடுத்து, முள்ளைத் தனியே ஒதுக்கி, அருகிலிருந்த பேரனுக்கு ஊட்டியதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த காக்காவின் அலுவலக நண்பர்கள், விளக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். காக்கா அதைச் சொல்லிச் சிரித்தார்.

சகோதர சகோதரிகளே, சேர்ந்து உண்ணுங்கள், அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள், அதில் பரக்கத் உண்டு என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி இருக்கிறது. உங்கள் வீட்டில் யாரேனும் சில நாட்களாகத் தனியே உண்கிறார்கள் என்றால், பசியில்லை என்று அவர்கள் சொல்வதோடு நிறுத்திவிடாமல், அவர்கள் அமரும் இடத்தில் நீங்கள் ஒரு வேளை அமர்ந்து பாருங்கள். ஒளி போதுமா, தரை எட்டுமா, பேச்சு கேட்கிறதா என்று பாருங்கள். அதன்பின் கடைக்குச் செல்லுங்கள். உறங்கும் முன் விளக்கை அணைக்கவும் மறவாதீர்கள்; எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக் கூடும் என்று அன்று சொன்ன எச்சரிக்கை, மின்கம்பி ஓடும் இன்றைய பழைய வீட்டிற்கும் பொருந்தும்.

நம் இல்லங்களை ஒளியுள்ளவையாகவும், நம் பெற்றோரை அவ்வொளியில் நம்மோடு அமர்பவர்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.