முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்ளலாமா?

2023-ல் என் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. மாவட்ட பாட்மிண்டன் போட்டி. முதல் ஆட்டத்தை அவள்தான் ஜெயித்தாள். இரண்டாவதில் ஒரு சர்வீஸ் வலையில் பட்டு விழுந்தது. பின்னால் நாற்காலியில் இருந்த கோச், "ப்ச்!" என்று தலையில் அடித்துக் கொண்டார். அவ்வளவுதான்! அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். 11 புள்ளியில் கிடைத்த 60 விநாடி இடைவேளையிலும் வசவுதான். அடுத்து எப்படி ஆடணும் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆட்டமும் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

எனக்கு ஆத்திரம். பஸ்ஸில் வரும்போது, "நாளைக்கே அந்த மனுஷரை நாலு வார்த்தை கேட்கிறேன் பாரு" என்றேன்.

"சார் மூஞ்சியைப் பார்க்கப் பயந்துதாம்மா உன்னைப் பார்த்தேன். நீயும் அப்படியேதான் இருந்தே. இனிமே நான் விளையாடப் போகலை."

சுருக்கென்றது எனக்கு.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நினைவுக்கு வந்தது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ரஷ்யாவின் கமிலா வாலியேவா, வயது 15. ஊக்கமருந்து விவகாரத்தில் 2024-ல் அவளுக்குத் தடை விதித்தார்கள். அது வேறு விஷயம். அன்று முதலிடத்தில் இருந்தவள், கடைசிச் சுற்றில் திரும்பத் திரும்ப விழுந்தாள். நொந்து வந்த குழந்தையிடம், ஏன் போராடுவதை விட்டாய் என்று கேட்டார் பயிற்சியாளர். அந்த ஈரமில்லாத தன்மை தன்னைக் கலங்க வைத்ததாக ஒலிம்பிக் கமிட்டியின் அப்போதைய தலைவர் தாமஸ் பாக்கே சொன்னார். "இப்படியும் ஒரு பொம்பளையா!" என்று அங்கலாய்த்தவள்தான் நான்.

தப்பு நேர்ந்ததும் மனசு இரண்டாகி விடுகிறது. பாதி ஆட்டத்தில், பாதி 'என்ன சொல்வாரோ' என்பதில். தோள் இறுகுகிறது, கை தயங்குகிறது, அடுத்த தப்பும் வருகிறது. கல்யாணமான புதிதில், மாமியார் பக்கத்தில் நின்று பார்க்க நான் வார்த்த தோசை ஒன்றாவது முழுசாக வந்ததா?

கோச்சிடம் பதமாகச் சொன்னேன்: "திட்டுறதை பிராக்டீஸில் வச்சுக்குங்க சார். ஆட்டத்து நடுவில் அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

"தலையில அடிச்சுக்கறது எனக்கே தெரியலைம்மா" என்றார் பாவம்.

இரண்டு வாரம் கழித்து அவளே மட்டையை எடுத்தாள். அடுத்த போட்டியிலும் தோற்றாள்தான். ஆனால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானோ, முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றும் லேசான வேலை இல்லை!