மாமாவுக்கு ஒரு எரிமலை

நான் இருக்கும் மொரீஷியஸிலிருந்து ரீயூனியன் தீவுக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறியவர் பொன்னேரி வந்து சேர்வதற்குள் இங்கே தீவே மாறிவிடலாம். நான் இத்தனை காலம் போகாமல் இருந்ததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. இப்போது அக்காவும் மாமாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலையில் வேலை பார்ப்பவர். கடற்கரையெல்லாம் பழவேற்காட்டிலேயே பார்த்தாகிவிட்டது, எரிமலையைக் காட்டு என்கிறார். எரிமலைக் குழம்பின் சூடு 1,150 டிகிரி வாக்கில் இருக்கும் என்று போனில் சொன்னேன். "எங்க உலையில 1,600 ஓடுது மச்சான், இது ஆறின சரக்கு" என்று சிரித்தார். ஆனாலும் பார்த்தே ஆக வேண்டுமாம். அதுவும் ஒரே நாளில், லீவு அவ்வளவுதான்.

முதல் சிக்கல் மலையில் இல்லை, பாஸ்போர்ட்டில் இருக்கிறது. மொரீஷியஸுக்கு நம்மவர்கள் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. ரீயூனியனோ 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே செலவழிப்பது யூரோ. ஆனால் ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. அதற்கென்று தனி அனுமதி வேண்டும். சாப்பாட்டு மூட்டைக்கும் ஐரோப்பியச் சட்டம்தான்: இறைச்சி, பால் பொருள் எதையும் இறக்க விடமாட்டார்கள். அக்காவின் தயிர்சாதத் திட்டம் அதோடு முடிந்தது.

அடுத்தது, எங்கே போவது என்பது. எரிமலையின் பெயர் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், உலைமலை என்று சொல்லலாம். உயரம் 2,632 மீட்டர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கு மேல் பொங்கியிருக்கிறது. சுற்றுலா விளம்பரங்கள் எல்லாரையும் 2,311 மீட்டர் உயரத்தில் உள்ள பா தெ பெல்கோம்ப் என்ற எரிமலைப் பள்ளத்து விளிம்புக்கே அனுப்பும். காட்சி பிரமாதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாள் பயணிக்கு அது கண்ணாமூச்சி. உள்ளூர்க்காரர்கள் விடியுமுன் கிளம்பிப் போவார்கள். காலை கொஞ்சம் ஏறியதுமே கீழிருந்து மேகம் எழும்பி மலையை மூடிவிடும். நாம் முதல் விமானத்தில் இறங்கி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து ஏறிப்போய்ச் சேரும்போது பார்ப்பது வெள்ளை மூட்டத்தைத்தான். பள்ளத்தில் இறங்கி வாய்விளிம்பு வரை நடந்து திரும்ப ஐந்து மணி நேரமாவது வேண்டும். அதற்கு அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும்.

அதனால் உச்சியை விட்டுவிட்டு, குழம்பு கடலுக்கு இறங்கிய கிழக்குக் கரைக்குப் போவதாக முடிவு செய்துவிட்டேன். விமான நிலையம் வடக்கில் இருப்பதால் அந்தக் கரைக்குப் போவது எளிது. முதலில் சேன்ட் ஆந்த்ரே. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே தமிழ்க் கோயில்கள். அடிமை முறை 1848இல் ஒழிந்தபின், தோட்டங்களுக்கு ஆள் தேடி, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும், 1860 ஒப்பந்தத்துக்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் கிரியோலும் பிரெஞ்சும்தான் பேசுகிறார்கள். ஆனால் தீமிதி மட்டும் விடாமல் நடக்கிறது. எரிமலைத் தீவில் போய்த் தீ மிதிக்கிறார்களே என்று அக்கா வியந்தாள்.

அங்கிருந்து தெற்கே பித்தோன் சேன்ட் ரோஸ். 1977 ஏப்ரலில் எரிமலை வழக்கமான பள்ளத்துக்கு வெளியே வெடித்து, குழம்பு இந்த ஊருக்குள் இறங்கியது. ஊர்க்காரர்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போயின. மாதா கோயிலின் வாசல் வரை வந்த குழம்பு, சுவரின் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. அந்தக் கோயிலை இன்று குழம்பு மாதா என்றே அழைக்கிறார்கள். பக்தர்களுக்கு அது அற்புதம். சரிவும் குழம்பின் பிசுபிசுப்பும் காரணம் என்பார் மாமா. எப்படியோ, எரிமலைக்கென ஆய்வகம் ஒன்று 1979இல் வந்ததற்கு அந்த வெடிப்புதான் காரணம்.

இன்னும் தெற்கே கிரான் ப்ரூலே. குழம்பு அடிக்கடி இறங்கும் சரிவு அது. 2007 ஏப்ரலில் மலையுச்சியின் பெரிய வாய் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்து விழுந்தது. இங்கே குழம்பு கடலோரச் சாலையை மூடிக் கடலுக்குள் புதிதாக நிலத்தையும் சேர்த்தது. அதன்மேல் திரும்பச் சாலை போட்டார்கள். மாமா காட்டச் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்: ஊற்றி ஆறிய சரக்கு, மைல் கணக்கில். அவர் ஆலை வாசலில் கொட்டிக் கிடக்கும் ஸ்லாக்கைப் பார்த்துப் பழகிய கண் அது; கருப்பையும் பழுப்பையும் வைத்தே எந்தக் குழம்பு பழசு, எது புதுசு என்று எனக்குப் பாடம் எடுப்பார்.

இந்தத் தீவுகளை எழுப்பிய அதே வெப்பம்தான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் தக்காணத்தின் கருங்கல் பீடபூமியைக் கொட்டியது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்துவிட, அடியிலிருந்த உலை மொரீஷியஸை எழுப்பி, இப்போது ரீயூனியனுக்குக் கீழே எரிகிறது. மும்பைக்காரர்கள் காலடியில் வைத்திருப்பதை நாங்கள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறோம்.

மாதம் அக்டோபர் என்று குறித்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஆலையும் மூடியிருக்கும். இங்கே புயல் காலமும் தொடங்கியிருக்காது. அது முக்கியம். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது அந்த மலையில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். இன்னொன்று: இங்கே நாம் ஊரைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறோம், அங்கே வலப்பக்கம். ஓட்டுநரோடு கார் எடுப்பதே உத்தமம்.

சரியாக அன்றைக்கே மலை பொங்கிவிட்டால்? மேலே பள்ளத்துக்குப் போகும் பாதையை அதிகாரிகள் உடனே மூடிவிடுவார்கள். குழம்பு தெரியும் இடங்களுக்குத் தீவே கார்களில் கிளம்பும். இருட்டினால்தான் அதன் சிவப்பு நன்றாகத் தெரியும். நம் விமானமோ மாலையில். மாமாவை அந்த நேரத்தில் நகர்த்த முடியாது. அதனால் திரும்பும் டிக்கெட்டை மட்டும் தேதி மாற்றக்கூடியதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான்.